பர்சோ

பீர்குண்டா ரயில் நிலையத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்று சபீனா சொன்னபோது தலையை ஆட்டினேன். நான் அங்கேதான் வளர்ந்தேன் என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

மாதாப்பூரில் எங்கள் அலுவலகம். ஏதாவது கட்டப் போகிறவர்களுக்காக அந்த இடத்தின் காற்று, மண், தண்ணீர், இரைச்சல் எல்லாவற்றையும் அளந்து அறிக்கை எழுதிக் கொடுக்கிறோம். நான் வேதியியல் படித்தவள். தண்ணீர் என் பொறுப்பு. லிங்கம்பள்ளிக்கு அப்பால் மூன்றாவது பாதை போடுகிறார்கள். அதற்காகப் பீர்குண்டா நிலையத்தை இடிக்கப் போகிறார்கள். இடிப்பதற்கு முன் அறிக்கையில் நிலையத்தின் வரலாறு, சுற்றுப்புறம் என்று ஒரு பகுதி சேர்க்க வேண்டும்.

"தண்ணி சாம்பிள் எடுக்கப் போறல்ல, அப்படியே நாலு போட்டோ, நாலு பழைய கதை. முடிஞ்சுது," என்றாள் சபீனா. எங்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஆம்பூர்க் குடும்பம், மூன்று தலைமுறையாக ஹைதராபாத். "கிளையன்ட் ஒரு நோட் குடுத்திருக்காங்க. பர்சோ உனக்கு மெயில் பண்ணினேனே பகவதி, பார்க்கலியா?"

தேடினேன். அந்த மெயில் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

இந்த ஊரில் பர்சோ என்றால் அப்படித்தான். இந்திப் பாடப் புத்தகத்தில் அதற்கு நேற்று முன்தினம் என்று பொருள். ஹைதராபாத்தில் பிறந்தவர்கள் வாயில் அது போன வாரமாக இருக்கலாம், போன வருடமாகவும் இருக்கலாம். கடந்துபோன ஏதோ ஒரு நாள். வெளியூர்க்காரர்கள் இதை வைத்துச் சிரிப்பார்கள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

கிளையன்ட்டின் குறிப்பில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. பதினொன்றாவது வரி இது: 14.3.2012 அன்று முப்பத்தொன்றாம் எண் லெவல் கிராஸிங்கில், கேட்மேனின் அலட்சியத்தால் நேர்ந்த விபத்தில் நால்வர் இறந்தனர்.

அந்தக் கேட்மேன் பூபாலன். என் அப்பா.

அன்று புதன்கிழமை. காலை ஏழு நாற்பது. கேட் திறந்திருந்தது. ஒரு ஷேர் ஆட்டோ தண்டவாளத்தைக் கடந்தது. உள்ளே கச்சிபௌலிக்குக் கட்டட வேலைக்குப் போகும் மூன்று பெண்கள், ஓட்டுநர். அதில் ஒரு பெண் தினமும் கேட்டில் இறங்கி எங்கள் பானையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவாள். பெயர் தெரியாது. அவளுடைய தூக்குச் சட்டி எங்கள் வீட்டுக் கொல்லை வரை வந்து விழுந்திருந்தது. மூடி திறக்கவில்லை.

ரயில் கிளம்புவதற்கு முன்னால் ஸ்டேஷனிலிருந்து கேட்டுக்குப் போன் மணி அடிக்க வேண்டும். கேட்மேன் எடுத்துப் பேசி, கேட்டை மூடிவிட்டு, மூடியாயிற்று என்று சொல்ல வேண்டும். அடித்தேன், எடுக்கவில்லை என்றார் அன்று ஸ்டேஷனில் இருந்தவர். புதிதாக வந்தவர். கேட் மூடித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாராம். அவருக்கும் தண்டனை கிடைத்தது, வேலை போகவில்லை.

மணி அடிக்கவே இல்லை என்றார் அப்பா.

மதியம் வந்து சோதித்தார்கள். பத்து முறை அடித்தார்கள், பத்து முறையும் மணி ஒலித்தது. கம்பி எங்கோ சரியாக ஒட்டாமல் இருந்திருக்கும். காலைக் குளிரில் விலகும், வெயில் ஏறினால் சேரும். இதை இன்று என்னால் விளக்க முடியும். அன்று எனக்குப் பதினைந்து வயது.

சாயங்காலம் அப்பா ஒரு வெள்ளைத் தாளுடன் வீட்டுக்கு வந்தார். நடந்ததை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். அவருக்குத் தமிழில் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். தாத்தா வாணியம்பாடியிலிருந்து லாலாகூடா ரயில் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர், பிள்ளைகளை அதிகம் படிக்க வைக்கவில்லை. வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவள் நான் மட்டும்தான்.

"எழுதும்மா. போனு மணி சில நேரத்துல அடிக்கிறதில்ல. இதை நான் பர்சோவே ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட போய் சொல்ட்டேன். ஹவ், ஆமா, அதை நல்லா எழுது. அதான் முக்கியம்."

அம்மா சுவரோரமாக உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் பர்சோ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நானே தினமும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் பேனாவைத் திறந்ததும் பள்ளிக்கூடத்துப் பெண்ணாகிவிட்டேன். இந்தியில் நான் தொண்ணூற்று நான்கு வாங்குகிறவள். நேற்று முன்தினம் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அதோடும் நிறுத்தவில்லை. தெளிவாக இருக்கட்டும் என்று பக்கத்தில் தேதியும் போட்டேன். 12.3.2012. எழுத்து அழகாக வந்திருந்தது. அப்பா கீழே கையெழுத்துப் போட்டார்.

விசாரணை அதிகாரி பழுதுப் பதிவேட்டில் பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். அதில் எதுவும் இல்லை. அன்று பணியில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டார். என்னிடம் யாரும் எதையும் சொல்லவில்லை என்றார் அவர். அவர் சொன்னது உண்மை.

பூபாலன் தன்னைக் காத்துக்கொள்ளப் பொய் சொன்னார் என்று முடிவானது. வேலை போயிற்று. அந்தக் கடிதத்தையும் நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பதிவேட்டில் அப்படி ஒரு புகார் இல்லை என்ற வரி வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுதலியா? என் எதிர்ல தலையை ஆட்டினு, நீ போ பூபாலா நான் எழுதிடறேன்னு சொன்னானே அந்த ஆளு!"

அந்த ஆள் ஜகதீசன் சார். திருச்சிக்காரர். ஆறு வருடம் பீர்குண்டாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடுவார். "நாகம்மா, இந்த நிஜாம் ராஜ்யத்துல உன் வீட்டுச் சாம்பார் ஒண்ணுதான் சாம்பார். மத்ததெல்லாம் வெல்லப் பாயசம்," என்பார். விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு, பிப்ரவரி கடைசி நாள், காஜிபேட்டைக்கு மாற்றலாகிப் போனார். நான் எழுதிய தாளில் ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் இருந்தது, அவர் பெயர் இல்லை. அதனால் அவரை விசாரணைக்கு யாரும் கூப்பிடவில்லை. பன்னிரண்டாம் தேதி அவர் இந்த ஸ்டேஷனிலேயே இல்லை.

நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு முந்தின நாள் அவர் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலிலேயே நின்றார்.

"பூபாலா, ஒரு நிமிஷம். நான் சொல்றதைக் கேளு."

அப்பா கேட்கவில்லை. காலனியே வெளியே வந்து பார்க்கும்படி கத்தினார். எழுதாத உன் கை அழுகிப் போகட்டும் என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சார் பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதை எடுத்து மாட்டுக்குப் போட்டாள்.

கல்லூரியில் இரண்டாம் வருடம், லக்னோவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எங்கள் பர்சோவைக் கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தாள் ஞாபகம் வந்தது. நான் போட்ட தேதி ஞாபகம் வந்தது. அன்று இரண்டு வகுப்புகளுக்குப் போகவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. அப்பா யாரிடமும் சொல்லாமலே சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். அல்லது எப்போது சொல்லியிருந்தாலும் ஜகதீசன் சார் எழுதாமல் விட்டிருக்கலாம். அப்படியானால் தப்பு என்னுடையது இல்லை. அந்தச் சந்தேகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இத்தனை வருடங்களை ஓட்டினேன். பிப்ரவரி மாதப் பதிவேடு எங்கேயாவது இருந்தால் அது தீர்ந்துவிடும். இருந்தால், அது பீர்குண்டாவில்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை போனேன்.

நிலையம் நான் நினைத்ததைவிடச் சிறியது. நிஜாம் காலத்துக் கருங்கல் கட்டடம், இரண்டு அறைகள், ஒரு விளக்கறை. மண்ணெண்ணெய் விளக்குகள் போய் ஐம்பது வருடம் ஆகியும் அந்த அறைக்குப் பெயர் மாறவில்லை. பெயர்ப் பலகையில் தெலுங்கு, இந்தி, உருது, ஆங்கிலம். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிய இரும்புக் குழாய் துருப்பிடித்துத் தலை கவிழ்ந்து நிற்கிறது. கல் குவாரிக்குப் போன கிளைப் பாதை புதருக்குள் புதைந்துவிட்டது. நிலையத்துக்குப் பின்னால் பீர் என்று சொல்லப்படும் ஒரு முஸ்லிம் மகானின் சமாதியும் அதை ஒட்டிய குளமும். தெலுங்கில் குண்டா என்றால் குளம். அதனால்தான் பீர்குண்டா. முன்பு அங்கே சீத்தாப்பழ மரங்கள் இருந்தன. இப்போது குளத்தைச் சுற்றி மூன்று பக்கமும் இருபது மாடிக் கட்டடங்கள். அவற்றின் கழிவு குளத்தில் விழுகிறது. நான்கு சீசாக்களில் தண்ணீர் எடுத்தேன். நுரை இருந்தது. அதில் கரைந்த ஆக்ஸிஜன் ஏறக்குறைய இல்லை.

முப்பத்தொன்றாம் கேட்டும் இல்லை. சுரங்கப் பாதை வந்துவிட்டது. எங்கள் வீடு இருந்த இடத்தில் ஜல்லி கொட்டியிருந்தார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் இளைஞர், தெலுங்குக்காரர். பழைய பதிவேடுகளைப் பார்க்கலாமா என்று கேட்டபோது சிரித்தார். "எல்லாம் எப்பவோ அழிச்சாச்சு மேடம். ஒண்ணே ஒண்ணு மட்டும் இருக்கு. அது யாருக்கு என்னன்னு எங்களுக்கே தெரியாது."

விளக்கறையின் பரண் மேலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கினார். பிளாஸ்டிக் உறை, மேலே சணல் கயிறு. என் எதிரிலேயே பிரித்தார். பழுதுப் பதிவேடு. கடைசிப் பக்கம் 29.2.2012 அன்று முடிந்திருந்தது. மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து புதுப் பதிவேடு. விசாரணைக்கு அந்தப் புதியது போதுமானதாக இருந்திருக்கிறது.

பின்னாலிருந்து புரட்டினேன். எட்டாவது பக்கத்தில் இருந்தது. 21.2.2012. நீல மை, சாய்வான ஆங்கிலம். முப்பத்தொன்றாம் கேட்டின் போன் மணி சில சமயம் ஒலிப்பதில்லை. கேட்மேன் பூபாலன் நேரில் வந்து தெரிவித்தார். சிக்னல் பிரிவுக்குத் தகவல் கொடுக்கப்பட்டது. கீழே ஜகதீசன் என்று கையெழுத்து. பழுது சரி செய்யப்பட்ட தேதி என்ற கட்டம் காலியாக இருந்தது.

அப்படியே செல்போனில் படம் எடுத்தேன்.

"இதை ஏன் அழிக்கல?" என்று கேட்டேன்.

"ஜகதீசன் சார்னு ஒருத்தர். இங்க முன்னாடி இருந்தவராம். இங்க யாரு புதுசா வந்தாலும் காஜிபேட்டையிலிருந்து போன் வருமாம். அந்தப் பதிவேட்டை மட்டும் அழிச்சிடாதீங்க, ஒரு ஆளுக்கு வேணும், அவன் எங்க இருக்கான்னு தேடிக்கிட்டிருக்கேன்னு சொல்வாராம். மேலிடத்துக்கும் எழுதினாராம். விசாரணை முடிஞ்சு போச்சுன்னு பதில் வந்துதாம்."

"இப்போ?"

அவர் தன் செல்போனில் பழைய ஸ்டேஷன் மாஸ்டர்கள் குழுவைத் திறந்து நீண்ட நேரம் மேலே தள்ளிக்கொண்டே போனார். பிறகு என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஜகதீசன் சாரின் படம். கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக. கோவிட் என்று போட்டிருந்தது. தேதியைப் படித்துக்கொண்டேன்.

நாங்கள் அப்போது கொண்டாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்தோம். அப்பா போன் நம்பரை மாற்றியிருந்தார். பழைய ஆட்கள் யாருக்கும் விலாசம் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்.

அறிக்கையை எழுதினேன். பதினொன்றாவது வரியிலிருந்து அலட்சியம் என்ற சொல்லை எடுத்தேன். போன் மணி பழுது என்று விபத்துக்கு இருபத்திரண்டு நாள் முன்பே கேட்மேன் தெரிவித்திருந்தார், அது பதிவாகியும் இருந்தது, அவருடைய வாக்குமூலத்தில் தேதி தவறாக எழுதப்பட்டதால் விசாரணையில் அந்தப் பக்கம் பார்க்கப்படவில்லை என்று சேர்த்தேன்.

வியாழக்கிழமை சபீனா நாற்காலியை என் மேசைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கைக்குமா, எதுக்கு இதெல்லாம்? நாலு பழைய கதை கேட்டா நீ கேஸை ரீஓப்பன் பண்றே. கிளையன்ட் பார்த்தா சண்டைக்கு வருவான். நக்கோ, வேணாம். எடுத்துரு."

"பக்கத்தைப் படம் எடுத்திருக்கேன்."

"பக்கம் சரி. வாக்குமூலத்துல தேதி தப்புன்னு எப்படிச் சொல்றே? அது யார் சொன்னது உனக்கு? ஆதாரம் வேணும்ல?"

சபீனா குனிந்து திரையில் இருந்த கேட்மேனின் பெயரைப் படித்தாள். அடையாள அட்டையில் என் பெயரோடு இருக்கும் அப்பா பெயரை அவள் பல முறை பார்த்திருக்கிறாள்.

"பூபாலன்," என்றாள். "யா அல்லா."

"நான்தான் எழுதினேன். வாக்குமூலத்தை. அவர் பர்சோன்னு சொன்னார்."

அவளுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தான். என் தோளில் கையை வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள்.

"உங்க நைனாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"முதல்ல அங்க போ. இது இருக்கட்டும்."

கொண்டாப்பூரில் ஒரு பெரிய அபார்ட்மென்ட்டின் வாசலில் அப்பா காவலுக்கு இருக்கிறார். கார் வந்தால் சிவப்பு வெள்ளைக் கம்பைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். மேசையில் ஒரு இன்டர்காம். அது அடிக்காவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். அங்கே குடியிருக்கும் பிள்ளைகள் அவருக்கு 'ஹலோ அங்கிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் போனபோதும் அதைக் காதில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கீழே வைத்தார்.

"இன்னாம்மா இந்நேரத்துல? ஆபீஸ் இல்லியா?"

"நைனா, பீர்குண்டாவுக்குப் போயிருந்தேன்."

அவர் முகம் இறுகியது. "அங்க இன்னா வேலை உனக்கு?"

செல்போனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "படி," என்றார்.

தமிழில் படித்தேன். தேதியை முதலில் சொன்னேன். அவர் பெயர் வந்த இடத்தில் மெதுவாகப் படித்தேன். கையெழுத்து யாருடையது என்று கடைசியில் சொன்னேன்.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

அப்பா சிரித்தார். பக்கத்துப் பற்கள் போய் நாளாகிறது. அவர் சிரித்து நான் பார்த்ததும் நாளாகிறது. "பார்த்தியா? பார்த்தியா? பர்சோவே சொன்னேன்னு தலையால அடிச்சிக்கினேன், ஒருத்தன் நம்பல. எழுத்துல இருக்கு பாரு! அப்புறம் கைக்கு, எதுக்கு அவனுங்க இல்லைன்னானுங்க?"

"இந்தப் பக்கத்தை அவங்க பார்க்கவே இல்ல நைனா. பன்னெண்டாம் தேதிப் பக்கத்தைப் பார்த்தாங்க."

"பன்னெண்டா? அன்னிக்கு இன்னா?"

"விபத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"நீ பர்சோன்னு சொன்னே. நான் தேதி போட்டேன்."

ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. அவர் கம்பைத் தூக்கினார். சலாம் வைத்தார். கார் போன பிறகும் கம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு இறக்கினார்.

"பர்சோன்னா," என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"ஸ்கூல்ல பர்சோன்னா ரெண்டு நாள் நைனா."

"ஸ்கூல்ல," என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

"காலேஜ்லேர்ந்து சந்தேகம். இந்தச் செவ்வாய்க்கிழமைதான் நிச்சயமாச்சு."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவர் வேறு எங்கோ போய்விட்டிருந்தார்.

"அப்போ அந்த ஆளு எழுதியிருக்காரு," என்றார். "எழுதிட்டு, அதைச் சொல்லத்தான் வந்திருக்காரு. வாசப்படியில நின்னாரே. வாழைப்பழம் வாங்கியாந்தாரே. நான் இன்னா சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்குதா?"

"இருக்கு."

அப்பா தன் வலது கையை விரித்துப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"காஜிபேட்டையிலதானே இருப்பாரு? ஞாயித்துக்கிழமை லீவு கேக்கறேன். என்னை இட்டுகினு போ. நான் பேச வேணாம், சும்மா எதிர்ல போய் நின்னா போதும்."

"நைனா, அவர் இல்ல. செத்துட்டார்."

"எப்போ?"

"ரெண்டாயிரத்து இருபத்தொன்னு, மே ஒன்பதாம் தேதி. ஞாயித்துக்கிழமை."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்போ தேதியெல்லாம் கரெக்டா சொல்றே," என்றார்.

இன்டர்காம் அடித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுபடியும் அடித்தது. மூன்றாவது முறை நான் எடுத்தேன். நான்காவது மாடியிலிருந்து ஒரு அம்மாள், தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன்.